உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்: பிரஷரைக் குறைக்க அடுப்படிக் கணக்கு

பிரஷருக்கு இயற்கை வழி தேடுபவர்கள் பூண்டு, வெந்தயம், செம்பருத்தி டீ என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் உப்புக்கு வருவார்கள். வரிசையைத் திருப்பிப் போடுவது நல்லது. பூண்டு பிரஷரை எவ்வளவு இறக்கும் என்பது உறுதியில்லை. ரத்த அழுத்தம் உள்ள ஒருவர் உப்பை ஒழுங்காகக் குறைத்தால் மேல் எண் (140/90 என்றால் 140) சராசரியாக 5 புள்ளி வரை இறங்கும். பல வீடுகளில் இது நடக்காமல் போவதற்குக் காரணம், ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு உள்ளே போகிறது என்று யாருக்குமே தெரியாததுதான்.

முதலில் பிரஷரைச் சரியாக அளக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம். மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள். பட்டை உங்கள் கைச் சுற்றளவுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரையும் காட்டும். டீ, காபி, புகை, நடை எதுவாக இருந்தாலும் அரை மணி நேரம் கழித்தே அளக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். கையைத் தொங்கவிட்டாலோ, அளக்கும்போது பேசினாலோ எண் 10 வரைகூட ஏறிவிடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையில் மாத்திரைக்கு முன்பும் இரவிலும் அளந்து, 7 நாள் நோட்டில் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாள்களின் சராசரியை எடுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம்தான். மருத்துவமனையில் எடுக்கும்போது அந்த வரம்பு 140/90.

இனி உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. தலைதட்டிய ஒரு தேக்கரண்டித் தூள் உப்பே ஏறக்குறைய 6 கிராம் வந்துவிடும். புதிதாகப் பிரிக்கும் ஒரு கிலோ பாக்கெட்டின்மேல் அன்றைய தேதியை எழுதிவையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் அது 30 நாளில் தீர்ந்தால், ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் சமையலில் மட்டுமே போகிறது. ஊறுகாயும் கடைத் தீனியும் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. அதே பாக்கெட் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் வர வேண்டும் என்பதே இலக்கு. ஊறுகாய், கடைத் தீனி உப்புக்கும் இடம் விட்டு, சமையலுக்கு நாலு பேருக்கு நாளொன்றுக்கு 15 கிராம், அதாவது இரண்டரைத் தேக்கரண்டி.

ஒரே நாளில் அங்கே குதித்தால் வீடே எதிர்க்கட்சியாகிவிடும். காலையில் அன்றைக்கான மொத்த உப்பையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து வைத்து, இட்லி மாவிலிருந்து இரவு ரசம் வரை அதிலிருந்தே எடுங்கள். இப்போது ஐந்தரைத் தேக்கரண்டி என்றால் வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி குறைத்துக்கொண்டே வந்தால் 6 வாரத்தில் இரண்டரைக்கு வந்துவிடலாம். நாக்கு பழகுவதற்கும் சில வாரங்கள் தேவைப்படும். கல் உப்பு போடும் வீடுகள் கரண்டியை நம்பாமல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். கல்லுக்கும் தூளுக்கும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது.

சோறு வடிக்கும்போது உப்பு வேண்டியதில்லை. பருப்பையும் உப்பில்லாமல் வேகவையுங்கள். பொரியலுக்கு இறக்கும்போது தூவினால் உப்பு மேலாகவே நின்று, குறைந்த அளவிலும் நாக்கில் படும். முதலிலேயே போட்டால் காய்க்குள் இறங்கிவிடும். மறுபடி போடத் தோன்றும். குழம்பில் புளிப்பு, மிளகு, வறுத்த சீரகம், கடைசியில் பிழியும் எலுமிச்சை, பச்சைக் கொத்தமல்லி எல்லாம் உப்பின் குறையை மறைக்கும். சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பி இருக்கக் கூடாது.

பாக்கெட் கணக்கில் வராத உப்புதான் ஆளை ஏமாற்றுவது. தயிர்ச்சோற்றோடு ஊறுகாய், மோர் மிளகாய், வடகம், கருவாடு ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறது; அதுவும் சோடியம்தான். பிரெட், பிஸ்கட், நூடுல்ஸ் மசாலாப் பொட்டலம், சோயா சாஸ், தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரைகள், வயிற்று உப்புசத்துக்குக் குடிக்கும் நுரைப்பொடி எல்லாவற்றிலும் சோடியம் உண்டு. ஊறுகாயைத் தினமும் தொட்டுக்கொள்வதை விட்டு, வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்துப்பு விலைதான் அதிகம். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்க்காததை வாங்கினால் அந்த நன்மையும் போயிற்று. வேறு வகை ஒன்று உண்டு: சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்த உப்பு. சீனாவில் 600 கிராமங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகப் பழுது உள்ளவர்களும், லோசார்டன், டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். தினமும் இளநீர் குடிப்பதற்கும் இதே எச்சரிக்கைதான். மற்றவர்கள் கீரை, வாழைப்பழம், பயறு, மோர் எல்லாம் தாராளமாகச் சேர்க்கலாம். மோரில் உப்புப் போடாமல் கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போடுங்கள்.

நடை வாரத்துக்கு 150 நிமிடம் வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். கூடுதல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். மதுவைக் குறைத்தாலும் எண் இறங்கும். உரக்கக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிபவர்கள் உறக்க மூச்சுத்தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது இருந்தால் இத்தனையும் செய்தும் பிரஷர் எளிதில் அசையாது.

இயற்கை என்ற பெயரில் பிரஷரை ஏற்றும் பொருளும் உண்டு. இருமலுக்குத் தொடர்ந்து சாப்பிடும் அதிமதுரம் உடலில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும். முட்டிவலிக்குத் தினமும் விழுங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும் உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும்.

உப்பு குறைந்ததும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதுதான் ஆபத்தான தவறு. எண் இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். அளவைக் குறைப்பது அவர் வேலை. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை எடுக்கும் முதியவர்கள் உப்பை அடியோடு விடக் கூடாது. ரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் மயக்கமும் வரும். 180/120 காட்டினால் சற்று நேரம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளந்து, அப்போதும் குறையாவிட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், ஒரு பக்கம் மரத்துப்போதல் இருந்தால் மறுபடி அளக்கக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.