ஆண் ஹோர்மோன் ஊசி: தானே வைத்தியம் பார்ப்பவர்கள் விடும் தவறுகள்

யாழ்ப்பாணத்து ஜிம்களில் பழகும் இளைஞர்களிடமும், நாற்பதைத் தாண்டிக் களைத்துப்போய் வீடு திரும்பும் குடும்பஸ்தர்களிடமும் ஒரு பேச்சு அடிபடுகிறது. "மச்சான், உனக்கு டெஸ்டோஸ்டெரோன் குறைஞ்சுபோச்சு. கிழமைக்கு ஒரு ஊசி போடு, எல்லாம் சரிவரும்." டெஸ்டோஸ்டெரோன் என்பது விதைகள் சுரக்கும் ஆண் ஹோர்மோன். சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் அதே மருந்தைப் பாவித்து நன்றாக இருப்பதைப் பார்த்திருப்பார். அந்த உறவினரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு இரத்தம் பார்த்த வைத்தியர் மட்டும் இந்தப் பேச்சில் வருவதே இல்லை.

மருந்தில் குற்றமில்லை. விதைகள் பழுதடைந்தவருக்கும், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வேலை செய்யாதவருக்கும், பிறப்பிலேயே குறைபாடு உள்ளவருக்கும் அது வாழ்க்கையைத் திருப்பிக் கொடுக்கும். யாருக்கு, ஏன், எவ்வளவு என்று தெரியாமல் தொடங்குவதில்தான் பிழை.

களைப்பு, தொந்தி, ஆசைக் குறைவு, நித்திரையின்மை ஆகியவற்றை வைத்தே முடிவுக்கு வருவது முதல் தவறு. நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, இரத்தச்சோகை, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று போகும் நித்திரைக் கோளாறு என்று எல்லாமே இதே முகத்தோடுதான் வரும். உடற்பருமனும் நீரிழிவும் டெஸ்டோஸ்டெரோனைக் குறைக்கும். உடம்பு நிறை குறைந்தால் ஊசி இல்லாமலே அளவு ஏறும்.

அடுத்தது பரிசோதனை. இந்த ஹோர்மோன் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து பின்னேரம் இறங்கும். வேலை முடிந்து நாலு மணிக்கு லாப்புக்குப் போய் இரத்தம் கொடுத்தால், நல்ல சுகதேகிக்கும் குறைவாகக் காட்டலாம். வெறும் வயிற்றில், காலை ஏழுக்கும் பத்துக்கும் இடையில், வெவ்வேறு இரண்டு நாட்களில் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு போகக்கூடாது. முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் குளிசை எடுப்பவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்; சில பரிசோதனை முறைகளில் அது அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

ரிப்போட்டைக் கையில் எடுத்தால் அலகு குழப்பும். ஒருவரின் தாளில் 11.2 என்று இருக்கிறது. இணையத்தில் 300க்குக் கீழே போகக்கூடாது என்று வாசித்திருந்தவர் பதறிப்போகிறார். அவருடைய தாளில் இருப்பது லீற்றருக்கு நனோமோல்; அமெரிக்கக் கணக்கு டெசிலீற்றருக்கு நனோகிராம். 28.8 ஆல் பெருக்கினால் 11.2 என்பது ஏறக்குறைய 323. பயந்து ஊசி போட வேண்டிய எண் இல்லை, திரும்பவும் ஒரு காலையில் பார்க்க வேண்டிய எண்.

உண்மையிலேயே குறைவென்றால், ஏன் என்ற கேள்வி வரும். பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரொலக்டின் என்ற மூன்று ஹோர்மோன்களையும் வைத்தியர் பார்ப்பது இதற்காகத்தான். புரொலக்டின் மிக உயர்ந்திருந்தால் பிட்யூட்டரியில் கட்டி இருக்கலாம். பெரும்பாலும் குளிசையாலேயே சுருங்கும் கட்டி அது. ஆனால் ஊசியைப் போட்டு உற்சாகம் வந்துவிட்டால் யாரும் அதைத் தேடப்போவதில்லை. பிறகு தலையிடியும், பக்கப் பார்வை மங்குவதும்தான் காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றிலும் என் மனதை உறுத்துவது பிள்ளைப்பேறு. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டெரோன் வந்ததும் மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடும், அவை நின்றால் விதைகள் விந்தணு ஆக்குவதை நிறுத்தும். இதை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் பரிசோதித்திருக்கிறது. 1990இல் வெளியான அந்த ஆய்வில் கிழமைக்கு 200 மில்லிகிராம் ஊசி போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் விந்தில் ஆறு மாதத்துக்குள் ஓர் அணுவும் இல்லை. ஜிம்மில் கைமாறும் அளவு பல வேளைகளில் இதைவிடக் கூட. நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் திரும்பும். சிலருக்கு இரண்டு வருடம் பிடிக்கும். கலியாணமாகி வருடம் இரண்டாகியும் பிள்ளை இல்லையென்றால் மருமகளைத்தான் முதலில் கேள்வி கேட்கும் ஊர் இது. அவள் நல்லூருக்கும் சந்நிதிக்கும் நேர்த்தி வைத்து, ஸ்கான் மேல் ஸ்கான் எடுத்துக்கொண்டிருக்க, காரணம் அலுமாரியில் ஊசிக் குப்பியாக இருக்கும். இது பெரிய அநியாயம். பிள்ளை வேண்டுமென்றிருப்பவருக்கு விந்தணுவைக் கெடுக்காத வேறு சிகிச்சைகளும் உண்டு. அவற்றைத் தெரிவுசெய்வதும் நிபுணரின் வேலைதான்.

"இதயத்துக்கு ஒண்டும் செய்யாதெண்டு ஆராய்ச்சியே வந்திட்டுது" என்பார்கள். 2023இல் வந்த ட்ரவேர்ஸ் ஆய்வைத்தான் சொல்கிறார்கள். 45 முதல் 80 வயது வரையான 5,200க்கு மேற்பட்டோரில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்பது சரி. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் இரண்டு தரம் இரத்தம் பார்த்துக் குறைவென்று உறுதிசெய்த பிறகே ஆய்வில் சேர்த்து, பாதிப்பேருக்கு மருந்து கொடுத்தார்கள். அளவையும் இரத்தம் பார்த்தே கூட்டிக் குறைத்தார்கள். அப்படியிருந்தும் இதயத் துடிப்புக் கோளாறும், நுரையீரலில் இரத்தக்கட்டியும், சிறுநீரகப் பாதிப்பும் மருந்து எடுத்தவர்களிடம் சற்றுக் கூடவே இருந்தன. கண்காணிப்பே இல்லாதவர் அந்த ஆய்வைத் தனக்குச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

இந்த மருந்தால் இரத்தம் தடிப்பாவது வெளியே தெரியாது. ஹெமடோக்ரிட் என்ற அளவு, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 வீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் குடியாமல் வேலை செய்பவருக்கு அது இன்னும் ஏறும். நாற்பது தாண்டியவருக்குப் சிறுநீர்ப்பைக்கு அடியிலுள்ள புரொஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

வெளிநாட்டுப் பாசலில் வரும், தோலில் பூசும் டெஸ்டோஸ்டெரோன் ஜெல் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வெக்கைக்கு அப்பாமார் சாரத்தோடு வெறும் மேலில் இருப்பார்கள். பிள்ளை ஓடிவந்து தோளில் ஏறும். காலையில் அதே தோளில் பூசிய ஜெல் பிள்ளையின் தோலுக்குள் போய், நாலு வயதில் பருவ மயிர் முளைத்த சம்பவங்கள் உலகில் பதிவாகியிருக்கின்றன. பூசிய இடம் காய்ந்த பிறகு சேட்டால் மூட வேண்டும், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். சஸ்டனோன் என்ற டெஸ்டோஸ்டெரோன் ஊசியில் கச்சான் எண்ணெய் இருக்கிறது. கச்சான் ஒவ்வாதவர் அதைத் தொடவே கூடாது. ஊசியால் மார்பு வீங்காமலிருக்க அனஸ்ட்ரசோல் குளிசையைத் தாமாக விழுங்குபவர்களும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து அது. ஆணின் எலும்புக்கும் வேண்டிய ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோனை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம்.

குடும்ப வைத்தியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, நீரிழிவு மற்றும் அகஞ்சுரக்கும் தொகுதி (ஹோர்மோன்) நிபுணரைப் பார்க்கலாம். அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் இதற்குக் கட்டணமில்லை. வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்கள் தினமும் கேட்கும் கதைதான்.

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருப்பவர் பயத்தில் சட்டென்று தானே நிறுத்தவும் வேண்டாம். சொந்தச் சுரப்பு திரும்பும்வரை பல கிழமைக்குக் கடும் சோர்வும் மனத் தளர்வும் வரலாம். குப்பியையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளுக்கு ஒருதரம், கடைசியாக எப்போது என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ஊசி போடுவதை அங்கேயும் முதலில் சொல்லுங்கள்.