கையில் ஒரு ஆஃபர், அடுத்த வாரம் ஒரு இன்டர்வியூ

ஆள் எடுப்பதுதான் என் வேலை. ஆஃபர் லெட்டரை அனுப்பிவிட்டு, பதில் வருகிறதா என்று இன்பாக்ஸையே பார்த்துக்கொண்டிருப்பதும் அதில் அடக்கம். இரண்டு நாள் கழித்து போன் செய்தால், "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் மேடம்" என்பார்கள். சரி என்று வைத்துவிடுவேன். வேறு எங்கோ ஒரு இன்டர்வியூ பாக்கி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கலாம். இந்த நாடகத்தில் இரண்டு பேருக்கும் நேரம்தான் வீண். ஆஃபர் கொடுக்கிற தரப்பில் உட்கார்ந்திருப்பவள் என்பதால், இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்யலாம் என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன்.

முதல் காரியம், நடக்கப்போகும் அந்த இன்டர்வியூவைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, கையில் இருக்கும் ஆஃபரை மட்டும் பாருங்கள். இன்னும் கிடைக்காத வேலையில் குறை எதுவும் கண்ணில் படாது. அங்கே மேனேஜர் நல்லவர், சம்பளம் கூடுதல், வேலை சுவாரசியமானது. எல்லாம் நாமே வைத்துக்கொண்டது. கையில் இருக்கும் ஆஃபரிலோ பக்கத்துக்குப் பக்கம் நிபந்தனை. இரண்டையும் அருகருகே வைத்தால் எது ஜெயிக்கும் என்று சொல்லவே வேண்டாம். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: அந்த இன்டர்வியூ அழைப்பே வந்திருக்காவிட்டால், இதில் கையெழுத்துப் போட்டிருப்பேனா?

இல்லை என்று மனசு சொன்னால் விஷயம் முடிந்தது. அந்த இன்டர்வியூ எப்படிப் போனாலும் இந்த ஆஃபர் உங்களுக்கானதல்ல, மறுத்துவிடலாம். ஆமாம் என்றால்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வேலை தேடுபவர் தமக்குள் ஒரு குறைந்தபட்சக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் வரும் முதல் ஆஃபரை எடுத்துக்கொள்வதுதான் சரியான வழி என்று ஜான் மெக்கால் 1970-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்கு அதில் பிடித்தது, கோடு எங்கே விழும் என்பதை அவர் விளக்கியது. தேடலை இன்னும் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க முடியுமோ அதைப் பொறுத்துத்தான் கோடு. சம்பளம் வந்துகொண்டிருப்பவர் அதை உயரமாகப் போடலாம். சேமிப்பு கரைந்துகொண்டிருப்பவர் இறக்கித்தான் போட வேண்டும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் கோட்டை ஆஃபர் வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள். வந்த பிறகு எழுதினால், கை தானாக ஆஃபருக்குத் தக்க மாதிரி எழுதும்.

அப்புறம், கையில் இருப்பது உண்மையிலேயே ஆஃபர்தானா என்று பாருங்கள். "உங்களைத் தேர்வு செய்துவிட்டோம், லெட்டர் இந்த வாரம் வந்துவிடும்" என்று போனில் சொல்வது ஆஃபர் ஆகாது. நானே அப்படிச் சொன்ன பிறகு மேலிடத்தில் ஒப்புதல் நின்றுபோனது உண்டு. எழுத்தில் வந்த பிறகும், பின்னணிச் சரிபார்ப்பு முடிந்தால்தான் செல்லும் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். லெட்டர் வந்ததும் எல்லோரும் மொத்தத் தொகைக்குத்தான் தாவுவார்கள். நீங்கள் அதில் எவ்வளவு மாதாமாதம் நிச்சயமாகக் கைக்கு வரும், எவ்வளவு வருடக் கடைசியில் செயல்திறனைப் பொறுத்து வரும் என்று பிரித்து எழுதுங்கள். ஜாயினிங் போனஸ் இருந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை அநேகமாகக் கூடவே இருக்கும். பங்குகள் தருகிறார்கள் என்றால் எப்போது உங்கள் கைக்கு வரும் என்று கேளுங்கள். 4 வருடத்தில் பிரித்துக் கொடுப்பது, முதல் வருடம் முடியும் முன் விலகினால் ஒன்றுமே கிடையாது என்பது பரவலாக இருக்கும் ஏற்பாடு. எந்தத் தேதி வரை ஆஃபர் செல்லும் என்பதும் லெட்டரிலேயே இருக்கும். இந்த முடிவு முழுக்க அந்தத் தேதியைச் சுற்றித்தான்.

சரி, ஆஃபர் கோட்டுக்கு மேலே இருக்கிறது. இருந்தாலும் அந்த இன்டர்வியூ இதைவிட நல்ல வேலைக்கு. இதை விட்டுவிட்டு அதற்குக் காத்திருக்கலாமா?

"கிடைக்கப்போகும் பலாக்காயைவிடக் கையிலிருக்கும் களாக்காய் மேல்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். பாதி நேரம் அது சரிதான். ஆனால் எவ்வளவு வாய்ப்பு இருந்தால் காத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். இப்போது இருக்கும் நிலைமை, கையில் உள்ள ஆஃபர், கிடைக்கக்கூடிய வேலை மூன்றுக்கும் 10-க்கு மார்க் போடுங்கள். சம்பளத்துக்கு மட்டுமல்ல, மொத்த வாழ்க்கைக்குமான மார்க். இப்போதைய வேலை 4, ஆஃபர் 7, அந்த இன்னொன்று 9 என்று வைத்துக்கொள்வோம். ஆஃபரை எடுத்தால் 3 மார்க் நிச்சயமாக ஏறுகிறது. காத்திருந்து கிடைத்தால் 5 ஏறுகிறது, கிடைக்காவிட்டால் 4-லேயே நிற்கிறீர்கள். மூன்றை ஐந்தால் வகுங்கள்: 60 சதவீதம். அதற்கு மேல் வாய்ப்பு இருந்தால்தான் ஆஃபரை விடுவதில் அர்த்தம் இருக்கிறது. இதே ஆள் வேலை இல்லாமல், 1 மார்க் நிலைமையில் இருந்தால்? ஆறை எட்டால் வகுத்தால் 75 சதவீதம்.

இப்போது நேர்மையாகப் பாருங்கள். முதல் ரவுண்டே நடக்கவில்லை என்றால் 60 சதவீதம் எங்கிருந்து வரும்? கடைசி ரவுண்டில்கூட நாங்கள் வழக்கமாக இரண்டு மூன்று பேரை வைத்திருப்போம். யாரையும் எடுக்காமலே முடிவதும் உண்டு. அந்த இடத்துக்கு ஒதுக்கிய பணத்தை நிறுத்திவிடுவார்கள், அல்லது உள்ளேயே ஒருவரை மாற்றிப் போட்டுவிடுவார்கள். "இன்டர்வியூ ரொம்ப நன்றாகப் போனது" என்ற உணர்வை நான் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. நல்லபடியாகப் பேசி அனுப்புவது எங்கள் வேலை, எல்லோரையும் அப்படித்தான் அனுப்புகிறோம்.

ஆக, வாய்ப்பு எவ்வளவு என்று உள்ளுக்குள் ஊகித்துக்கொண்டு இருப்பதில் பிரயோஜனம் இல்லை. அவர்களிடமே கேட்டுவிடலாம். நேரடியாகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் ஒரு மெயில் அனுப்புங்கள். இந்த விஷயத்தில் நான் சொல்ல இருப்பதில் முக்கியமானது இதுதான். இரண்டாவது கம்பெனிக்கு, ஆஃபர் வந்த அன்றே:

"வணக்கம். வரும் புதன்கிழமை உங்களுடன் எனக்கு இன்டர்வியூ இருக்கிறது. இதற்கிடையில் வேறு ஒரு நிறுவனத்திலிருந்து எழுத்துபூர்வமான ஆஃபர் வந்துள்ளது. வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வேலையில் எனக்கு ஆர்வம் அதிகம் என்பதால், முடிவு செய்யும் முன் உங்களிடம் தெரிவிக்கிறேன். மீதமுள்ள ரவுண்டுகளை வெள்ளிக்கு முன் முடிக்க வாய்ப்பு உண்டா? இல்லையென்றாலும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

இவ்வளவுதான். கம்பெனி பெயர், சம்பளத் தொகை எதுவும் வேண்டாம். தேதி மட்டும் கட்டாயம் வேண்டும். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லி இந்த மெயிலை அனுப்பாதீர்கள். "லெட்டரைக் காட்டுங்கள்" என்று கேட்கிற ஆட்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள்.

இந்த மெயில் வந்ததும் எங்கள் பக்கம் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு பெண் இப்படி எழுதியிருந்தார், இன்னும் இரண்டு ரவுண்டு பாக்கி. மேனேஜருக்கு போன் போட்டேன். அவர் லீவில் இருந்தார். "அந்தப் பெண்ணா? நாளைக்கு மத்தியானம் வீட்டிலிருந்தே பேசிவிடுகிறேன், இன்னொரு ரவுண்டையும் அதோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள்" என்றார். முதலில் பேசிய தேதி பத்து நாள் தள்ளி இருந்தது! கொஞ்ச நாளில் இதே மாதிரி மெயில் வேறு ஒருவரிடமிருந்து வந்தது, அதே மேனேஜர். "அவருக்கு அங்கே கிடைத்திருந்தால் எடுத்துக்கொள்ளட்டுமே" என்றார். நான் அதை நாசூக்காக மாற்றி, "எங்கள் நடைமுறைகளை அவசரப்படுத்த இயலாத நிலை" என்று எழுதி அனுப்பினேன்.

உங்களுக்கு வரும் பதிலையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். அன்றைக்கே போன் வந்தால் உங்கள் பெயர் மேலே இருக்கிறது. "முயற்சி செய்கிறோம்" என்று எழுதி, மறுநாளும் தேதி வராவிட்டால் நடுவில் எங்கோ இருக்கிறீர்கள். "அந்த வாய்ப்பை நீங்கள் தவறவிட வேண்டாம்" என்று வந்தால் அது மறுப்பு, அதுவும் உங்கள் மேல் அக்கறையோடு சொன்ன மறுப்பு. பதிலே இல்லையென்றால் 60 சதவீதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: அரசு வேலை, பெரிய பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உங்களை எவ்வளவு பிடித்திருந்தாலும் தேதியை நகர்த்த மாட்டார்கள். அங்கே மௌனத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கூடவே ஆஃபர் கொடுத்த இடத்திலும் அவகாசம் கேளுங்கள். ஒரே ஒரு தடவை, ஒரு தேதியைச் சொல்லி. "கொஞ்சம் டைம் வேண்டும்" என்பதைவிட "அடுத்த செவ்வாய் மாலைக்குள் உறுதியான பதில் தருகிறேன்" என்பது எவ்வளவோ மேல். மேனேஜரிடம் போய் நிற்க எனக்கும் ஒரு தேதி கிடைக்கிறது. காரணமாக வீட்டை இழுக்க வேண்டாம். "வேறொரு இடத்தில் நடந்துகொண்டிருக்கும் ஒரு தேர்வை முடித்துவிட்டு முடிவெடுக்க விரும்புகிறேன்" என்றால் நான் முகம் சுளிக்க மாட்டேன். சுளிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அப்படிப்பட்ட இடம் என்று தோன்றினால் காரணமே சொல்லாமல் தேதியை மட்டும் கேளுங்கள். நீங்கள் கேட்கும் அவகாசத்தில் எங்களுக்கு இருக்கும் ஒரே சிக்கல், எங்கள் பட்டியலில் இருக்கும் இரண்டாவது ஆள். நீங்கள் கையெழுத்துப் போடும்வரை அவருக்கு மறுப்பு மெயில் போகாது. அவர் வேறு எங்காவது சேர்ந்துவிட்டால் இரண்டு பேரும் போச்சு. ஒரு வாரம் என்றால் பெரும்பாலும் சமாளிப்போம். முதலில் ஒரு வாரம், பிறகு இன்னொரு வாரம் என்று வந்தால் நீங்கள் வரப்போவதில்லை என்று எழுதிவிட்டு அவரைக் கூப்பிட்டுவிடுவேன்.

24 மணி நேரம்தான் தருவோம் என்று நெருக்குகிற இடங்களும் உண்டு. அதன் பின்னாலும் பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆள் பயம்தான். அமெரிக்க மருத்துவமனைகள் பயிற்சி மருத்துவர்களை எடுப்பதில் இது எந்த எல்லைக்குப் போனது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1945-ல் ஆஃபருக்குப் பதில் சொல்ல 10 நாள் அவகாசம் என்று வைத்தார்கள். பத்தாவது நாள் ஒருவர் மறுத்தால் அடுத்தவர் கை நழுவிப்போகிறார் என்று வருடா வருடம் குறைத்துக்கொண்டே வந்து, 1949-ல் 12 மணி நேரமே அதிகம் என்று மறுத்துவிட்டார்கள். கடைசியில் 1952-ல் இரு தரப்பு விருப்பப் பட்டியலையும் ஓரிடத்தில் வாங்கி ஜோடி சேர்க்கும் முறை வந்த பிறகுதான் அடங்கியது. இந்த வரலாற்றை ஆராய்ந்த ஆல்வின் ராத், லாயிட் ஷாப்ளியோடு சேர்ந்து 2012-ல் பொருளாதார நோபல் வாங்கினார். நமக்கு அப்படி ஜோடி சேர்த்துவிட யாரும் இல்லை. அதனால் 24 மணி நேரக் கெடு வந்தால் "ஏன் இவ்வளவு அவசரம்?" என்று கேட்டுவிடுங்கள். வேலை குறிப்பிட்ட தேதியில் தொடங்கியாக வேண்டும் என்பது போல உருப்படியான காரணம் வரலாம். "இது எங்கள் பாலிசி" என்பதைத் தவிர ஒன்றும் வராவிட்டால், அந்த ஆஃபருக்குப் போட்ட மார்க்கில் ஒன்றைக் குறைத்துவிட்டு மறுபடியும் வகுத்துப் பாருங்கள்.

அவகாசமும் கிடைக்கவில்லை, அந்தப் பக்கமும் நகரவில்லை என்றால்? இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த இன்டர்வியூவுக்கும் போகலாமா என்பார்கள். இதில் எங்கள் ஆட்களிடையேயே ஒத்த கருத்து கிடையாது. என் அபிப்பிராயம்: போகாதீர்கள். கையெழுத்துப் போட்ட அன்றே நாங்கள் அந்த இரண்டாவது ஆளுக்கு மறுப்பு அனுப்பிவிடுகிறோம். ஆனால் சேமிப்பு சுத்தமாகத் தீர்ந்து, வேறு வழி இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த இன்டர்வியூவுக்கும் போகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படிப் போய் அது கிடைத்தும்விட்டால், முதலில் லெட்டரை எடுத்து விலகல் நிபந்தனைகளைப் படியுங்கள். அப்புறம் போன் செய்யுங்கள், சேரும் தேதிக்கு எத்தனை நாள் முன்னால் முடியுமோ அத்தனை முன்னால். சேரும் நாள் காலையில் போனை அணைத்து வைக்கிறவர்களின் பெயர்தான் எங்களுக்கு மறப்பதில்லை. இந்தத் தொழிலில் ஆட்கள் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பார்கள், நினைவும் கூடவே போகும்.

எந்தப் பக்கம் முடிவு செய்தாலும், இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுப்பது புது இடத்தின் லெட்டர் கையெழுத்தாகி, பின்னணிச் சரிபார்ப்பும் முடிந்த பிறகுதான். "நோட்டீஸ் பீரியட் வீணாகிறதே, உடனே கொடுத்துவிடுங்கள்" என்று அங்கே இருக்கும் என் போன்ற ஒருத்தி போனில் சொல்வாள். "சரிபார்ப்பு முடிந்துவிட்டது என்று மெயிலில் போட்டுவிடுங்கள் மேடம், அன்றே கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். அவளுக்கும் அது நியாயமாகத்தான் படும்.