அனுமதிக் கடிதம் வந்துவிட்டது, படியளப்பது யார்?

சென்ற மாசியில் ஒரு மாலை, காரைக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒரு தகப்பனாரும் மகளும் வந்தார்கள். அவர் கையில் பிளாஸ்டிக் உறை. உள்ளே இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பி.எச்.டி. அனுமதிக் கடிதம், அதற்குக் கீழே வீட்டுப் பத்திரம். “அண்ணே, பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது. பேங்கில் கடன் கேட்டிருக்கிறோம். பத்திரத்தைக் கொடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்” என்றார்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், நிதி ஆதாரம் என்ற இடத்தில் ‘சொந்தச் செலவு’ என்றிருந்தது. விண்ணப்பத்தில் அப்படி நிரப்பச் சொன்னது மதுரையில் உள்ள ஒரு கன்சல்டன்சி. “அப்படிப் போட்டால் சீக்கிரம் சீட் கிடைக்கும் என்றார்கள் ஐயா” என்றாள் அந்தப் பெண். கிடைக்கத்தானே செய்யும்? முழுக் கட்டணத்தையும் கட்ட வருகிறவரை எந்தக் கடைக்காரர் திருப்பி அனுப்புவார்?

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்: இடத்தை முதலில் வாங்கிக்கொண்டு பணத்தைப் பிறகு தேடுவது. முதுகலைப் படிப்புக்கு அது ஓரளவு செல்லும். பி.எச்.டி.யில், குறிப்பாக அறிவியல், பொறியியல் துறைகளில், பணம் பெரும்பாலும் இடத்தோடு சேர்ந்தே வருகிறது. அமெரிக்காவில் நல்ல துறைகள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வகுப்பெடுக்கவோ ஆய்வுக்கூடத்தில் உழைக்கவோ மாதத்தொகை தருகின்றன. நெதர்லாந்து, சுவீடன், நார்வே, டென்மார்க் நாடுகளில் பி.எச்.டி. பெரும்பாலும் ஒரு வேலை. காலியிட விளம்பரம் வரும், நேர்காணல் நடக்கும், சம்பளம் உண்டு. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை. ஆய்வாளர் பணியிடங்கள் டி.வி.எல். இ-13 என்ற ஊதிய நிலையில் வரும். விளம்பரத்தில் 65 சதவீதம் என்றிருந்தால் சம்பளம்தான் 65. உழைப்பு நூறாகத்தான் இருக்கும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்குவதே வேடிக்கை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ‘கொண்டுவிக்க’, அதாவது தொழில் நடத்தப் போன காலத்தில், மூன்று வருடக் கணக்கு, சம்பளம் இவ்வளவு என்று பேசி முடித்த பிறகுதான் கடைப் பொறுப்பாளரான மேலாளும் அவருக்கு உதவியான அடுத்தாளும் கப்பல் ஏறினார்கள். பேரப்பிள்ளைகளோ பேராசிரியரிடம் பணத்தைப் பற்றிக் கேட்கக் கூசுகிறார்கள். எத்தனை ஆண்டுக்கு நிதி உறுதி? கட்டணம் யார் பொறுப்பு? நான்காம் ஆண்டு தாண்டினால் என்ன ஆகும்? கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நானே கேட்காமல் மாட்டியவன். நான் பி.எச்.டி.க்குப் போனபோது எனக்கு வந்த கடிதத்தில் மாதத்தொகை தெளிவாக இருந்தது. அது ஒன்பது மாதத்துக்கு மட்டும் என்பதும் இருந்தது. தொகையைப் படித்த கண் மாதத்தைப் படிக்கவில்லை. முதல் கோடை மூன்று மாதமும் நண்பன் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டு, ஊரிலிருந்து கட்டிக் கொடுத்த பருப்புப் பொடியில் காலத்தை ஓட்டினேன்.

அடுத்தது, ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கம். “மாதம் இரண்டு லட்சமா!” என்று வீட்டு ஆச்சிமார் வியக்கலாம், வாடகையும் அந்த ஊர்ப் பணத்தில்தான் போகும். கடிதத்தில் வராத செலவுகள் வேறு. பிரிட்டனில் மாணவர் விசாவுக்கான மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. தங்கப்போகும் எல்லா ஆண்டுக்கும் சேர்த்து விண்ணப்பத்தோடே கட்ட வேண்டும். ஜெர்மனிக்குப் போதிய சம்பள ஒப்பந்தமோ உதவித்தொகைக் கடிதமோ இல்லாமல் போகிறவர், மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்திய முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டியிருக்கும். பிரிட்டனின் சில உதவித்தொகை விளம்பரங்களில் ‘உள்நாட்டுக் கட்டணம் மட்டும்’ என்று ஒரு வரி இருக்கும். வெளிநாட்டவருக்கான கட்டணம் அதைப்போல் பல மடங்கு. அந்த ஒரு வரிதான் வீட்டுப் பத்திரத்தை பீரோவிலிருந்து வெளியே எடுக்க வைக்கிறது.

இனி மின்னஞ்சல். அந்தப் பெண் 140 பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பியிருந்தாள். ‘மதிப்புக்குரிய ஐயா, புகழ்பெற்ற தங்கள் பல்கலைக்கழகத்தில்...’ என்று தொடங்கியது. அந்தக் கடிதம் போனவர்களில் பாதிப் பேராவது பெண்கள். ஒரு பதிலும் இல்லை. பதினோராவது வரிக்குப் போனால், சிக்ரியில் ஆறு மாதம் சோடியம் அயனி மின்கலத்தில் வேலை பார்த்தேன் என்று வருகிறது! அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்தான் சிக்ரி. மின்வேதியியல் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரே அறிமுகம். அதைப் போய் அடியில் புதைப்பதா? திண்ணையிலேயே உட்கார்ந்து மாற்றி எழுதினோம். முதல் வரியில் அவள் என்ன அளந்தாள் என்பது. இரண்டாவதில் இருநூறு முறை மின்னேற்றி இறக்கிய பிறகு மின்கலத்தின் கொள்திறன் ஏன் குறைகிறது என்று அவள் நினைக்கும் காரணம். மூன்றாவதில் அந்தப் பேராசிரியரின் எந்தக் கட்டுரையோடு அது தொடர்புடையது என்பது. கடைசியில், நிதியுள்ள இடம் இருக்கிறதா என்ற நேர்க் கேள்வி. எட்டே வரி. ஒரு நாளைக்கு இரண்டு கடிதத்துக்கு மேல் எழுத முடியாது. அதுவே போதும்.

தகுதி விதிகளைப் பெயரை வைத்து ஊகிப்பதும் ஆளைக் கவிழ்க்கும். ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகை அமெரிக்காவில் முழுப் பட்டம் படிக்க அல்ல, இந்தியாவில் பி.எச்.டி. பதிவு செய்தவர்கள் சில மாதங்கள் அங்கே போய் ஆராய்வதற்கு. ஜே.என். டாட்டா அறக்கட்டளை 1892 முதல் இயங்குகிறது. ஆனால் அது தருவது கடன் உதவித்தொகை, திருப்பிக் கட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நிதியில் பல நிறுவனங்கள் சேர்ந்து பி.எச்.டி. இடம் தரும் மேரி க்யூரி முனைவர் வலையமைப்பில் சேர, முந்தைய 36 மாதங்களில் சேரப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் முதுகலை முடித்த கையோடு அங்கேயே விண்ணப்பிப்பவர் அதில் அடிபட்டுப்போவார்.

மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையைப் பட்டியலின மாணவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் வருகிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆத்தங்குடிப் பக்கம் கைத்தொழில் செய்யும் வீடுகளில் படித்த பிள்ளை இருந்தால் விதிகளை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். ஆனால் 2022-23 விதிமுறையில் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, சமூகம் சார்ந்த ஆய்வுத் தலைப்புகளை விலக்கிவிட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி ஆராய விரும்பும் கைவினைஞர் மகனுக்கு இந்தக் கதவு மூடியே இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. விதி என்னவோ அதுதான்.

நாள் கணக்கு தனி. அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். ஹாங்காங் முனைவர் உதவித்தொகைக்கு டிசம்பர் 1. ஜப்பான் அரசின் உதவித்தொகைக்குத் தூதரகம் ஏப்ரல், மே வாக்கில் அழைக்கும். அமெரிக்கக் கடிதம் வந்ததும் மறுநாளே சம்மதம் சொல்ல வேண்டியதில்லை. நிதியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை அவகாசம் என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

கிளம்பும்போது அந்தத் தகப்பனார் பத்திரத்தை மறுபடி உறைக்குள் வைத்தார். நான் மகளின் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மதிப்பெண் பட்டியலில் ஓரெழுத்து முன்னெழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுது, இரண்டும் ஒருவரே என்று ஒரு சான்றும் வாங்கி வைத்துக்கொள் என்றேன். “அதற்கு நோட்டரியிடம் போகவேண்டுமா அண்ணே?” என்று கேட்டபடியே அவர் செருப்பை மாட்டினார்.