மெயில் சர்வரின் ஹோஸ்ட்நேம்: கடிதங்களைத் திருப்பி அனுப்பவைக்கும் தவறுகள்

புதிதாக மெயில் சர்வர் அமைப்பவர்களுக்கு உதவ உட்காரும்போதெல்லாம், நான் முன்பு செய்த பிழைகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைக் காண்கிறேன். கடவுச்சொல் பிழை, சர்வர்கள் ஒன்றுக்கொன்று கடிதம் அனுப்பும் 25ஆம் போர்ட் அடைபட்டிருப்பது போன்றவை உடனே கண்ணில் பட்டுவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்; ஹோஸ்ட்நேம், அதாவது சர்வரின் பெயர், தொடர்பான பிழைகளை மட்டும் பார்ப்போம்.

பிடிஆர் பதிவைப் பாதியில் விடுவது

கடிதத்தைப் பெறும் சர்வர், அனுப்பும் ஐபிக்குரிய (இணைய முகவரி எண்ணுக்குரிய) பெயரை, எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் பிடிஆர் பதிவில் தேடும்; அந்தப் பெயரைத் திரும்பத் தேடி, அதே ஐபி வருகிறதா என்றும் பார்க்கும். பொருந்தாவிட்டால் ஜிமெயில் 550 5.7.25 என்ற எண்ணுடன் திருப்பிவிடும். இந்தப் பதிவை டொமைன் வாங்கிய இடத்தில் தேடிப் பயனில்லை. ஐபியைத் தந்த விபிஎஸ் (வாடகை சர்வர்) நிறுவனத்தின் பேனலில்தான் அது இருக்கும்.

ஒரு வாடிக்கையாளரின் சர்வரை மாற்றியபோது ஐபிவி4 முகவரிக்கு மட்டும் பிடிஆர் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் மற்ற இடங்களுக்கெல்லாம் இன்வாய்ஸ்கள் போய்ச் சேர, ஜிமெயிலுக்குப் போனவை மட்டும் திரும்பி வந்தன. எந்த சர்வர்கள் டொமைன் பெயரில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவைச் சந்தேகித்தேன். கடிதத்தில் மின்கையொப்பமிடும் டிகிம் சாவியை இருமுறை மாற்றினேன். இரண்டு நாள் வீணான பிறகுதான், திரும்பி வந்த கடிதத்தில் இருந்த முகவரி நான்கு எண்கள் கொண்டதல்ல, முக்காற்புள்ளிகள் நிறைந்த ஐபிவி6 முகவரி என்பதைக் கவனித்தேன். முதல் கடிதத்திலேயே அது இருந்தது என்பதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது. சர்வருக்கு ஐபிவி6 தானாகவே கிடைத்திருந்தது. கடிதங்களை அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸும் என்னைக் கேளாமலேயே அதன் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது.

ஐபிவி6 வேண்டுமென்றால் அதற்கும் பிடிஆர், ஏஏஏஏ (பெயரிலிருந்து ஐபிவி6 முகவரியைக் காட்டும்) பதிவுகள் இரண்டையும் வையுங்கள். வேண்டாமென்றால் போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பில் உள்ள ‘இனெட்_புரோட்டோகால்ஸ்’ வரியில் ஐபிவி4 என்று மட்டும் எழுதி, போஸ்ட்ஃபிக்ஸை முழுவதும் நிறுத்தித் தொடங்குங்கள். ரீலோட் மட்டும் போதாது.

ஹெலோவில் அரைப்பெயர்

ஹெலோ என்பது அனுப்பும் சர்வர் தன் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கும் வரி; அந்தப் பெயர் அமைப்புக் கோப்பின் ‘மைஹோஸ்ட்நேம்’ வரியிலிருந்து வரும். அதை நிரப்பாவிட்டால், போஸ்ட்ஃபிக்ஸ் இயங்குதளத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளும். அந்த வரியில் லோக்கல்ஹோஸ்ட் என்றோ புள்ளியில்லாத ஒற்றைச் சொல்லையோ எழுதிவைத்தால், முழுப்பெயரைக் கட்டாயமாக்கிய சர்வர்கள் 504 என்று மறுத்துவிடும். பிடிஆரில் உள்ள பெயரையே இங்கும் எழுதிவிடுவது நல்லது.

மைடெஸ்டினேஷனில் டொமைன் பெயர்

மைடெஸ்டினேஷன் வரியில் உள்ள டொமைன்களுக்கான கடிதங்களைப் போஸ்ட்ஃபிக்ஸ் வெளியே அனுப்பாமல் இதே சர்வரில் சேர்க்கப் பார்க்கும். அஞ்சல் பெட்டிகள் வேறிடத்தில் இருந்தால் அந்த வரியிலிருந்து உங்கள் டொமைன் பெயரை எடுத்துவிடுங்கள்.

எம்எக்ஸ் பதிவில் சிநேம்

டொமைனுக்கு வரும் கடிதங்களை வாங்கும் சர்வரைச் சொல்லும் எம்எக்ஸ் பதிவில், வேறொரு பெயரைச் சுட்டும் மாற்றுப்பெயரான சிநேமை வைக்கக் கூடாது.