தேய்ப்பு வண்டியில் ஒரு குறும்படம்: நிஜத்தையும் கதையையும் கலந்து எடுப்பது எப்படி?

எங்கள் தெருமுனையில், வேப்பமரத்தடியில் ஒரு தேய்ப்பு வண்டி நிற்கிறது. கரிப்பெட்டிதான். கொட்டாங்கச்சிக் கரியைப் போட்டு விசிறி, அது கனிந்ததும் சாம்பலை ஊதிவிட்டு, ஒரு ஈரத்துணியில் பெட்டியை ஒற்றிப் பார்ப்பார் அந்த அண்ணன். 'சுர்' என்ற சத்தம் சரியாக இருந்தால்தான் முதல் சட்டையைத் தொடுவார். அவரை வைத்து ஆறு நிமிடப் படம் ஒன்று எடுத்தேன். அதில் பெரும்பகுதி நிஜம், ஒரே ஒரு சம்பவம் மட்டும் கற்பனை. ஆவணப்படமும் கதையும் கலந்த இந்த வகைக்கு நடிகர்கள் வேண்டாம், செட் வேண்டாம். செல்போனும் பொறுமையும் இருந்தால் தொடங்கிவிடலாம். நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முதலில் ஆள், பிறகுதான் கதை

கதையை எழுதிவிட்டு அதற்குப் பொருந்தும் ஆளைத் தேடிப் போகாதீர்கள். அப்படிப் போனால், அந்த மனிதர் உங்கள் கதைக்கு வேடம் கட்டுகிறவராகிவிடுவார், அவருடைய நிஜம் வெளியே வராது. தினமும் நீங்கள் பார்க்கிறவராக, கையால் வேலை செய்கிறவராக, உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருப்பவராகப் பாருங்கள். பத்துத் தடவையாவது போக வேண்டியிருக்கும்.

முதல் நாலைந்து தடவை போனை வெளியே எடுக்கவே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள், நல்ல தமிழாக மாற்ற வேண்டாம். என் படம் பிறந்தது அப்படி எழுதி வைத்த ஒரு வரியில்தான்: "வீடு காலி பண்ணிட்டுப் போறவங்க சில பேரு துணிய மறந்துர்றாங்க தம்பி. தூக்கிப் போட மனசு வரல. இருக்கட்டும்னு வச்சிருக்கேன்." வண்டிக்கு அடியில் ஒரு பழைய வேட்டியில் கட்டிய மூட்டை இருந்தது. அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன், அதை நான் பார்த்ததே இல்லை.

2. கற்பனை ஒன்றே ஒன்று போதும்

நோட்டைத் திருப்பிப் படித்து, 'இவருக்கு நடந்திருக்கக்கூடியது, ஆனால் இன்னும் நடக்காதது' ஒன்றைத் தேடுங்கள். மறந்துபோன சட்டையைக் கேட்டு யாராவது திரும்பி வந்தால்? எனக்கு அது போதுமானதாக இருந்தது. பத்து வயதுப் பையன் ஒருவன் வந்து, "எங்கப்பா சட்ட இங்க இருக்காம்" என்று கேட்கிறான். கற்பனை அவ்வளவுதான். இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் பார்க்கிறவருக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரஸ்தமியின் 'குளோஸ்-அப்' (1990) இந்த வகையைக் கற்க நல்ல பாடம். டெஹ்ரானில் ஒருவர் தன்னை இயக்குநர் மொஹ்சென் மக்மல்பாஃப் என்று சொல்லி ஒரு குடும்பத்தை நம்பவைத்துப் பிடிபட்டார். கியாரஸ்தமி அனுமதி வாங்கி அவருடைய விசாரணையைப் படம்பிடித்தார். அதற்கு முன் நடந்தவற்றை அதே மனிதரையும் அதே குடும்பத்தையும் வைத்தே மறுபடி நடிக்கவைத்தார். ஏமாந்தவர்களும் ஏமாற்றியவரும் அதே வரவேற்பறையில் மீண்டும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, எது நடிப்பு எது நிஜம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் காட்சியை மட்டும் இரண்டு தடவை பாருங்கள்.

3. நிஜத்தை முதலில் எடுங்கள்

கற்பனைக் காட்சியை முதல் நாளே எடுக்காதீர்கள். மூன்று காலைகள் வேலையை மட்டும் எடுங்கள். கரி கனிவது, தண்ணீர் தெளிக்கும் கை, காலரில் தொடங்கித் தோளுக்கு வரும் பெட்டி, மடிப்பு, மூட்டை கட்டுவது. ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்தில் ஒன்று, கையை மட்டும் ஒன்று. ஒவ்வொரு ஷாட்டையும் குறைந்தது இருபது நொடி ஆடாமல் பிடியுங்கள். மூன்றாம் நாளுக்குள் அவர் போனை மறந்திருப்பார். கதைக் காட்சியை எடுக்க அதுதான் நேரம்.

4. வசனம் கொடுக்காதீர்கள், சூழ்நிலை கொடுங்கள்

இதில் நான் ஒரு முழு நாளை இழந்தேன். ஒன்றரைப் பக்கம் வசனம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவ்வளவு சரளமாகப் பேசுகிற மனிதர், பள்ளி ஆண்டுவிழா மேடையில் நிற்பதுபோல் ஒப்பித்தார். அதைவிட மோசம், பேசும்போது கை நின்றுவிட்டது. கை நின்றால் அந்த மனிதரே அங்கே இல்லை.

மறுநாள் காகிதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். "அண்ணே, ஒரு பையன் வந்து அவங்கப்பா சட்டையக் கேப்பான். மூட்டையில் ஒரு வெள்ளைச் சட்டை இருக்கு, அதுதான். நீங்க எப்பவும் போல வேலையப் பாருங்க. மத்தது உங்க இஷ்டம்." பையனிடம் முதல் வரியை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். படம் எடுக்கிறோம் என்பது இருவருக்கும் தெரியும், மற்றவர் என்ன பேசுவார் என்பது மட்டும் தெரியாது.

பையன் கேட்டான். அண்ணன் குனிந்து மூட்டையை அவிழ்த்தார். அடியிலிருந்து சட்டையை உருவி எடுத்தவர், அதை அவனிடம் நீட்டவில்லை. "மடிப்புக் கலஞ்சிருச்சு, இரு" என்று சொல்லிவிட்டு, பலகையில் விரித்துத் தண்ணீர் தெளித்து, காலரில் இருந்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். பையன் கால் மாற்றி நின்றபடி பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டரை நிமிடம், ஒரே ஷாட். அதை எழுத எனக்கு வந்திருக்காது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: 'கட்' சொல்லாமல் இருங்கள். காட்சி முடிந்தது என்று தோன்றிய பிறகும் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள்.

5. போனில் செய்ய வேண்டியவை

ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். படுக்கைவாட்டில் பிடியுங்கள். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்யுங்கள், இல்லாவிட்டால் பின்னால் ஒரு பஸ் போனாலும் படம் இருண்டு வெளுக்கும். நொடிக்கு 25 பிரேம் வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், டியூப்லைட்டுக்குக் கீழே எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடியாக இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடாது. வெயிலில் இந்தக் கவலை இல்லை.

6. ஒலி

படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பார்கள், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். இன்னொரு போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு அவர் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். ஆரம்பத்தில் ஒரு தடவை கை தட்டினால், எடிட்டிங்கில் இரண்டையும் பொருத்தலாம். யாரும் பேசாமல் ஒரு நிமிடம் தெருச் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்யுங்கள், வெட்டிய இடங்களை மூட அது உதவும்.

பேச்சு சரியாகப் பதிவாகவில்லை என்றால் படத்தைக் கைவிட வேண்டாம். பிரெஞ்சு இயக்குநர் ஜான் ரூஷ் 1950களில் மேற்கு ஆப்பிரிக்காவில், ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரத்தில் கூலி வேலைக்கு வந்த இளைஞர்களை ஒலியில்லாமல் எடுத்தார். பிறகு அந்தப் படத்தை அவர்களுக்கே போட்டுக் காட்டி, பார்த்தபடி பேசச் சொல்லிப் பதிவு செய்தார். அதில் ஒருவர் ஹாலிவுட் நடிகர் எட்வர்ட் ஜி. ராபின்சனின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டு, தன் கனவையும் சேர்த்தே பேசுவார். நானும் அண்ணனிடம் கை ஷாட்டுகளைக் காட்டிப் பேச வைத்தேன். நேர்காணலில் சொல்லாத எதையெல்லாமோ சொன்னார்.

7. எடிட்டிங்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். முதலில் கற்பனைக் காட்சியை வைக்காமல், நிஜத்தை மட்டும் மூன்றரை நிமிடத்துக்குக் கோத்துப் பாருங்கள். அது தனியாக நிற்க வேண்டும். பிறகு கற்பனையை நடுவில் செருகுங்கள். நிறம், ஒலி, ஷாட்டின் நீளம் எதிலும் வித்தியாசம் தெரியக் கூடாது. சோக இசை போட்டீர்களென்றால் அந்த இடம் கற்பனை என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். நான் இசையே போடவில்லை.

8. சொல்லிவிடுங்கள், காட்டிவிடுங்கள்

அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி, கனடாவின் வடக்கே பனிப்பகுதியில் வாழும் இன்யூட் மக்களைப் பற்றி எடுத்து 1922இல் ஆவணப்படமாக வெளியிட்ட 'நானூக் ஆஃப் த நார்த்' படத்தில் நானூக் என்று வருகிறவரின் உண்மையான பெயர் அல்லாகரியல்லாக். துப்பாக்கி புழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில் பழைய முறைப்படி ஈட்டியோடு வேட்டையாடவைத்தார்கள். உள்ளே வெளிச்சம் போதாததால் பனிவீட்டைப் பாதியாகத் திறந்து கட்டினார்கள். பார்த்தவர்களுக்கு இது எதுவும் சொல்லப்படவில்லை. நூறு வருடமாக அந்தப் படத்தின் மேல் இருக்கும் குறை இதுதான். அதனால், படத்தின் முடிவில் ஒரு வரி போடுங்கள். நான் போட்டது: 'இவரும் இவர் வேலையும் நிஜம். சட்டை கேட்டு வந்த சிறுவனின் கதை கற்பனை.'

ஆனால் ஃபிளாஹர்ட்டியிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கமும் உண்டு. ஃபிலிமை அங்கேயே கழுவி, படத்தில் இருந்தவர்களுக்கே திரையிட்டுக் காட்டினார். நீங்களும் வெளியிடும் முன் காட்டுங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். சிறுவர்கள் நடித்திருந்தால் பெற்றோரிடம்.

அண்ணன் வண்டியோரம் நின்றபடியே முழுவதும் பார்த்தார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூட்டை அவிழ்கிற இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார். "அந்தப் பச்சைச் சேல தெரியுது பாரு. அந்தம்மா இப்ப பக்கத்துத் தெருவுலதான் இருக்கு. மறந்துட்டுப் போனத ஊருக்கே காட்டுன மாதிரி ஆயிரும்." நாலு நொடி. அன்று இரவே வெட்டி எடுத்தேன்.