பழந்தமிழ்ப் பெண்பெயரின் பொருளைக் கண்டறியும் வழி: நப்பின்னை

மகளுக்கு அரிய பழம்பெயர் சூட்ட விரும்புவோர், பெயர்ப் பட்டியல்களில் எதிரே அச்சிட்டிருக்கும் ஒற்றைச் சொல் விளக்கத்தை அப்படியே ஏற்காமல், அந்தப் பெயரைத் தாமே பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு நப்பின்னை என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம்.

முதலில், இதே அமைப்புள்ள பெயர்களை அருகருகே எழுதுங்கள். நக்கீரர், நக்கண்ணையார், நச்செள்ளையார் ஆகியவற்றோடு நப்பின்னையை வைத்ததுமே, ‘ந’ என்பது சிறப்பைக் குறிக்கும் முன்னொட்டு என்பதும், அதன் பின் வல்லெழுத்து மிகுகிறது என்பதும் தெளிவாகும். எஞ்சி நிற்பது ‘பின்னை’.

அடுத்து, அந்தச் சொல் ஆளப்பட்ட பழைய இடத்தைத் தேடுங்கள். என் பார்வையில் இதுவே முதன்மையான வேலை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், மாயவனாகிய கண்ணன் தன் தம்முன்னாகிய பலராமனோடு ஆடிய ஆடல்களுள் ‘வேல்நெடுங்கண் பிஞ்ஞையோடு ஆடிய குரவை’ என்னும் கைகோத்தாடும் கூத்து பேசப்படுகிறது. பின்னையே அங்குப் பிஞ்ஞை என்று வருகிறாள். குரவைக்காக ஏழு ஆயர்மகளிரை ஏழு சுரங்களாக நிறுத்தும் ஆயர் முதுமகள் மாதரி, துத்தமாக நிற்பவளுக்குப் பின்னை என்றே பெயரிடுகிறாள். முன் பிறந்தவனைத் ‘தம்முன்’ என்னும் அதே வழக்கில், பின் பிறந்த இளையவளைப் பின்னை என்பது இயல்பாகப் பொருந்துகிறது. பின்னலைக் கொண்டு பொருள் சொல்வோரும் உண்டு. எனக்கு முன்னதே வலுவாகத் தோன்றுகிறது.

பிறகு, பெயர் பின்னாளில் எப்படி வாழ்ந்தது என்று பாருங்கள். திருப்பாவையின் 18, 19, 20 ஆகிய மூன்று பாசுரங்களில் ஆண்டாள் நப்பின்னையை எழுப்புகிறாள். ஏழு எருதுகளை அடக்கிக் கண்ணன் மணந்த ஆயர்மகள் அவள் என்பது ஆழ்வார்கள் பாடும் செய்தி. வைணவ மரபு அவளைத் திருமாலின் தேவியருள் ஒருத்தியான நீளாதேவியாகப் போற்றுகிறது.

பெயரை முடிவு செய்தபின், பிறப்புப் பதிவில் 12 மாதங்களுக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை. தட்டச்சான படியை வாங்கியதும் ‘ப்’ இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். என் உறவுக் குழந்தை ஒருத்தியின் சான்றிதழில் அது விடுபட்டு ‘நபின்னை’ என்றாகி, திருத்துவதற்குப் பலமுறை அலைய நேர்ந்தது.