தன்னிடமும் பிறரிடமும் மறைந்திருக்கும் மதிப்பைப் பார்க்கப் பழகுவது எப்படி

சபையில் இரண்டு வகை ஆட்களை நிறையப் பார்க்கலாம். "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று சொல்வதைத் தாழ்மை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் ஒரு வகை, அடுத்தவரைப் பார்த்த ஐந்தே நிமிடத்தில் இவர் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. பல நேரம் இரண்டும் ஒரே ஆள்தான். ஏனென்றால் தன்னை அளக்கவும் பிறரை அளக்கவும் நாம் எடுக்கிற கோல் ஒன்றுதான்: படிப்பு, சம்பளம், நிறம், மேடையில் பாட வருமா, ஜெபிக்கச் சொன்னால் சரளமாக வார்த்தை வருமா, எந்த ஊர், எந்தத் தெரு. இந்தக் கோலைக் கையில் வைத்துக்கொண்டே "எனக்குள் என்ன மதிப்பு இருக்கிறது" என்று எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. முதலில் அதைக் கீழே வைக்க வேண்டும்.

உங்களிடமிருந்தே தொடங்குங்கள். நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். விளைச்சலைக் கொள்ளையடிக்க வரும் மீதியானியருக்குப் பயந்து, திராட்சை ஆலைக்குப் பக்கத்தில் ஒளிந்து கோதுமை போரடித்துக்கொண்டிருக்கிறான் கிதியோன். அந்த நிலையில் இருக்கிறவனைப் பார்த்துத்தான் தூதன் "பராக்கிரமசாலியே" என்று கூப்பிடுகிறான். கிதியோன் உடனே தன் குடும்ப விவரத்தை எடுத்து வைக்கிறான், என் குடும்பம் எளியது, வீட்டிலேயே நான்தான் சிறியவன் என்று. கர்த்தர் அதை மறுத்து வாதாடவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் உன்னோடே இருப்பேன் என்கிறார், அவ்வளவுதான். ஆகவே உங்களுக்குள் பெரிய திறமை இருக்கிறது என்று உங்களையே நம்பவைக்கப் போராட வேண்டாம், அது இரண்டு நாளைக்குக்கூடத் தாங்காது.

அதற்குப் பதிலாக ஏசாயா 42:18இலிருந்து 43:4 வரை ஒரே மூச்சில், சத்தமாக, காலையில் போனைத் தொடுவதற்கு முன் வாசியுங்கள். "நீ என் பார்வைக்கு அருமையானபடியினால்" என்ற வரியைக் காலண்டரிலும் சுவரிலும் பார்த்திருப்போம். ஆனால் அதற்குச் சற்று முன்னால் அதே ஜனத்தைக் குருடர் என்றும் செவிடர் என்றும், கொள்ளையிடப்பட்டுச் சூறையாடப்பட்டவர்கள் என்றும், சொன்னதைக் கேட்காதவர்கள் என்றும் தேவன் பச்சையாகச் சொல்லியிருக்கிறார். எல்லாம் தெரிந்த பிறகுதான் அருமையானவன் என்கிறார். அந்தத் தொடர்ச்சியோடு வாசித்தால்தான் அந்த வார்த்தை உள்ளே இறங்கும், ஏனென்றால் உங்கள் குறை அவருக்குத் தெரியாமல் சொல்லிவிட்டாரோ என்ற சந்தேகத்துக்கு அங்கே இடமே இல்லை.

அப்புறம் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மோசேயிடம் தேவன் கேட்டதும் அந்தக் கேள்விதான், இருந்தது ஆடு மேய்க்கிற ஒரு கோல். யோப்பா பட்டணத்தில் தொற்காள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது அவள் தைத்துக்கொடுத்த அங்கிகளை. உங்களை நன்றாக அறிந்த இரண்டு மூன்று பேரிடம், "என்னிடம் எதற்காக வருகிறீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. வருகிற பதில் நீங்கள் வேலை என்றே கணக்கில் எடுக்காத ஒன்றாக இருக்கும்: ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருவது, கோபப்படாமல் கேட்பது, கணக்குச் சரியாக வைப்பது.

பிறர் விஷயத்தில், ஆதிச் சபையில் ஊழியம் செய்த பர்னபாவைப் போல நல்ல வாத்தியார் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை. சபையைத் துன்புறுத்திய சவுல் (பின்னாளில் பவுல்) மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் எல்லாரும் பயந்தார்கள், அந்தப் பயமும் நியாயமானதுதான். பர்னபா என்ன செய்தார்? "நல்ல பையன், நம்புங்கள்" என்று மட்டும் சொல்லவில்லை. வழியில் இவன் கர்த்தரைக் கண்டான், தமஸ்குவில் தைரியமாய்ப் பிரசங்கித்தான் என்று விவரத்தோடு பேசினார். அதாவது முன்னமே விசாரித்து வைத்திருந்தார். பிறகு அந்தியோகியாவில் வேலை பெருகியபோது அவரே தர்சு வரை தேடிப்போய்ச் சவுலை அழைத்துவந்து, ஒரு வருஷம் கூடவே சேர்ந்து போதித்தார். நாமும் இதைத்தான் செய்ய வேண்டும்: ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், எல்லாரையும் ஒரே நேரத்தில் வேண்டாம். அவர் செய்ததில் ஒரு நல்ல காரியத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளுங்கள், அவர் இல்லாத இடத்தில் அதைச் சொல்லுங்கள், கடைசியில் உங்கள் வேலையில் ஒரு பங்கை அவர் கையில் கொடுங்கள். பாராட்டோடு நின்றுவிடுவது சுலபம். பொறுப்பைக் கொடுப்பதுதான் கஷ்டம்.

கிட்டே போகாமல் எதுவும் தெரியாது. கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் வேலூர் சி.எம்.சி.யில் அறுவை மருத்துவராக இருந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனவர், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையை வைத்து அழுத்தச் சொன்னார். வலிக்கிற அளவுக்குப் பிடி இருந்தது. விரல்கள்தான் செயலிழந்திருந்தன, முன்கைத் தசையில் பலம் அப்படியே இருந்தது. அந்தத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி விரல்களை மறுபடி வேலை செய்யவைக்கும் அறுவைச் சிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது. தொடவே பலர் அஞ்சிய கையில் அந்தப் பலம் அதுவரை இருந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் கை சரியானவர்களுக்கும் வெளியே வேலை கொடுக்க ஆள் இல்லை, பிச்சைகூட முன்போலக் கிடைக்கவில்லை. அதனால் அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கவும் ஓர் இடம் ஏற்படுத்த வேண்டியிருந்தது. மதிப்பைக் கண்டுபிடித்தவர் அதற்கு ஒரு வழியையும் செய்துதர வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

சாதியைப் பற்றிப் பேசாமல் நம் சபைகளில் இதைப் பேச முடியாது. புதிதாக வந்த ஒருவரிடம் "எந்தப் பக்கம், யார் வகை" என்று சுற்றி வளைத்து விசாரிக்கிறோமே, அந்த நொடியில் அவருடைய முகம் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் காலடி என்று உட்காரவைத்ததை யாக்கோபு தன் நிருபத்தில் பாவம் என்றே எழுதுகிறார். அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். அதன் இடத்தில் "சாப்பிட்டீர்களா, வீட்டில் யாருக்காக ஜெபிக்க வேண்டும்" என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அடிக்கிற கணவனிடமோ ஏமாற்றுகிற ஆளிடமோ "அவருக்குள்ளும் நல்லது இருக்கிறது" என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். அடிபடுகிறவரும் தேவனுடைய சாயலில் படைக்கப்பட்டவர்தான், அவரை முதலில் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். தீங்கு செய்கிறவருக்காகத் தூரத்திலிருந்தும் ஜெபிக்கலாம்.

நீங்கள் நம்பிய ஆள் பாதியில் விட்டுப்போகவும் கூடும். பவுலோடும் பர்னபாவோடும் ஊழியப் பயணம் போன மாற்கு, பெர்கே பட்டணத்திலிருந்து திரும்பிப் போய்விட்டான். அடுத்த பயணத்துக்கு அவன் வேண்டாம் என்று பவுல் சொல்ல, பர்னபாவோ அவனையே கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். இரண்டு பெரியவர்களும் அதனால் பிரிந்தே போனார்கள். மாற்கு சொந்தக்காரன் என்பதால் பர்னபா விட்டுக்கொடுக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள், இருக்கலாம், ஆனால் சவுல் பர்னபாவுக்குச் சொந்தம் இல்லையே. சீப்புருவில் என்ன நடந்தது என்று வேதம் சொல்லவில்லை. பல வருஷம் கழித்துச் சிறையிலிருந்து பவுல் எழுதுகிறார்: "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்." ஆகவே உங்கள் ஆள் ஒருமுறை வராமல் போனால் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். ஒரு வாரம் விட்டு நீங்களே போன் பண்ணுங்கள், நடந்ததைக் கிளறாமல், அடுத்து செய்யவேண்டிய சின்ன வேலை ஒன்றைச் சொல்லி, எத்தனை மணிக்கு வர முடியும் என்று கேளுங்கள்.